ஐந்து அங்குலம்

மூன்றாவது போல்ட் அசைய மறுத்தது.

ஜமால் ஸ்பானரின் வாலில் இரும்புக் குழாயைச் செருகி, வண்டியின் தரையில் காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து இழுத்தான். ஸ்பானர் நழுவியது. விரல் முட்டிகள் தகரத்தில் உரசித் தோல் கிழிந்தது.

“ரத்தத்தை வண்டியில சிந்திப்போடாதீங்க பாய்,” என்றார் கிட்டுசாமி. “அப்புறம் அதுக்கு வேற ஒரு கதை சொல்லோணும்.”

மணி பன்னிரண்டேகால். இரண்டு மணிக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் வருகிறார். விபத்தில் சிக்கிய வண்டியைச் சோதித்து, தப்பு வண்டியுடையதா ஓட்டியவனுடையதா என்று எழுதிக் கொடுக்கிற அதிகாரி. அதற்குள் இந்த ஹெரால்டு காரின் குட்டைக் கியர் ராடைக் கழற்றிவிட்டு, பழைய இரும்புக் கடையிலிருந்து கிட்டுசாமி கொண்டுவந்திருந்த முழு நீள ராடை மாட்டியாக வேண்டும். போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் இடமில்லை என்று, நொறுங்கிய வண்டியை ஜமாலின் ரிப்பேர் ஷெட்டிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கிட்டுசாமிக்கு அது வசதியாகப் போயிற்று. ஈஸ்வரமூர்த்தி முதலாளியின் பனியன் கம்பெனிக்கு அவர்தான் மேனேஜர்.

விபத்து நடந்தது செவ்வாய்க்கிழமை காலை. பல்லடம் ரோட்டில் ஒரு பள்ளம் இறங்கும் இடத்தில், சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதி நின்றது வண்டி. ஓட்டிவந்த சுப்பையன் அங்கேயே செத்துப்போனான். கம்பெனியில் ஏழு வருட டிரைவர்.

கார் என்பது ஆர்.சி. புத்தகத்தில் மட்டும்தான். முதலாளியின் அப்பா காலத்து வண்டி. கம்பெனி வேன் எப்போதும் வேறு எங்காவது நிற்கும். இங்கே தையல் லைன் துணிக்காகக் காத்துக் கிடக்கும். அதனால் ஹெரால்டின் பின்சீட்டையும் இடப்பக்க முன்சீட்டையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, சலவைப் பட்டறையில் வெளுத்த துணி ரோல்களை டிக்கியிலிருந்து டேஷ்போர்டு வரை நீளவாக்கில் அடுக்கிக் கொண்டுவருவார்கள். அடுக்கின் மேல் ரோல் டிரைவர் பக்கம் சரிந்து, கியர் ராடின் குமிழ் மேல் தலைவைத்துப் படுத்துக்கொள்ளும்.

“யாரைக் கேட்டுங்க ராடை வெட்டுனீங்க?” கிட்டுசாமி மறுபடியும் ஆரம்பித்தார்.

“சுப்பையன் சொன்னான், வெட்டினேன். கம்பெனி வண்டி, கம்பெனி டிரைவர்…”

“கம்பெனி சொல்லுச்சுங்களா? நான் சொன்னேனுங்களா? வெள்ளைத் துணியில வட்ட வட்டமா எண்ணெய்க் கறை வருதுன்னேன். கறை பட்ட பனியனை அவன் மூஞ்சியிலேயே வீசினேன். நாளையிலிருந்து கறை வந்துதுன்னா நீ வராதேன்னேன். அவ்வளவுதான். ராடை வெட்டு, கழுத்தை வெட்டுன்னு நான் எங்கயாச்சும் சொன்னேனுங்களா?”

சொல்லவில்லைதான். போன சனிக்கிழமை சுப்பையன் தனியாகத்தான் வந்தான். எஞ்சினை அணைக்கக்கூட இல்லை. கியர் ராடின் கழுத்தில் ஏதோ ஒட்டுக் காகிதத்தை ஒட்டிக்கொண்டு வந்திருந்தான்.

“இந்த அடையாளம் ஒட்டியிருக்கிற துண்டு வேண்டாம் பாய். வெட்டிப் போடு.”

“கை எட்டுமாய்யா?”

“எட்டலைன்னா கையை நீட்டிக்கிறேன். என்ன, கையும் கம்பெனிதுதானே!” சிரித்தான்.

பத்து நிமிட வேலை. ரம்பம் வைத்து மேலே ஐந்து அங்குலத்தை அறுத்து, மிச்சத்தில் டை போட்டு மரை வெட்டி, பழைய குமிழைத் திருகிக் கொடுத்தான் ஜமால். குமிழ் இப்போது ரோலுக்குக் கீழே போய்விட்டது. இனி துணியில் படாது. கறை வராது. ஆனால் குட்டை ராடின் மேல் ரோல் மூடிபோல் படுத்துக்கொள்ளுமே, அதன் அடியில் கையை விட்டு எப்படிக் கியர் மாற்றுவது? அதை அவனும் யோசிக்கவில்லை, இவனும் யோசிக்கவில்லை.

“கேஸுன்னு வந்தா மொத ஆளு நீங்கதான் பாய்.” கிட்டுசாமி குனிந்து, குரலைத் தணித்தார். “வண்டியைக் கெடுத்து ஆளைக் கொன்னவன்னு எழுதுவாங்க. ஷெட்டைச் சாத்திப்போட்டு உள்ள போயிருவீங்க. முழு ராடு இருந்துச்சுன்னு வைங்க, குடிச்சான், தூங்கினான், மோதினான். உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி.”

“சுப்பையனுக்கு?”

“அவனுக்கு இனிமே என்னுங்க வரப்போகுது?”

பையிலிருந்து ஒரு பிராந்தி பாட்டிலை எடுத்தார். முக்கால்வாசி காலி. டிரைவர் சீட்டுக்கு அடியில் பதமாக உருட்டிவிட்டார். “ஆறு வருசம் முந்தி குடிச்சுக் கிடந்தவன்தானுங்களே. ஊரே நம்பும். நான் போய் இன்ஸ்பெக்டரைக் கூட்டியாறேன். வர்றப்ப அந்தக் குட்டை ராடு கண்ணுல படக்கூடாதுங்க.”

போய்விட்டார்.

பள்ளிவாசலிலிருந்து ஜும்ஆவுக்கு பாங்கு கேட்டது. தொழுகைக்குப் போகாத வெள்ளிக்கிழமை அவனுக்கு நினைவு தெரிந்து இல்லை. குழாயை மறுபடி செருகி ஓங்கி ஒரு மிதி மிதித்தான். மூன்றாவது போல்ட் கிறீச்சிட்டுக் கழன்றது.

இன்னும் ஒன்றுதான்.

“அண்ணா.”

திடுக்கிட்டுத் திரும்பினான். ஷெட் வாசலில் ஒரு பெண். தலை வாரவில்லை, கண்ணுக்குக் கீழே கரி பூசியதுபோல் இருந்தது. பழனாயி. சுப்பையனின் பெண்டாட்டி. அதே கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, கறை பார்த்துத் தள்ளுகிற வேலை.

“நீ ஏன் அம்மிணி வந்தே? இந்த நேரத்துல வாசல் தாண்டலாமா?”

“தாண்டிட்டேனுங்க. வாசல்ல உக்காந்து காதுல கேக்கறதைவிட இது தேவலை.” உள்ளே வந்தாள். வண்டியைப் பார்த்தாள். ஸ்டியரிங் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. “அவரு குடிச்சுப்போட்டு ஓட்டினாருன்னு கம்பெனியில சொல்றாங்க. அவரு கூடப்பொறந்த எங்க நங்கையாளே நம்பறா. ‘பழைய புத்தி எங்க போகும்’கிறா. நீங்கதானுங்களே வண்டியைப் பள்ளத்துலேருந்து எடுத்தது? உங்க மூக்குக்குத் தெரிஞ்சிருக்கும். வாசம் அடிச்சுதுங்களா?”

“இல்லை.”

“அல்லா மேல சொல்லுங்க.”

“அல்லா மேல சொல்றேன். ஒரு சொட்டு வாசம் இல்லை.”

அவள் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், ஒரு எண்ணிக்கை சரியாக வந்துவிட்டதுபோல.

“அவரு டிபன் பாக்ஸ் இதுக்குள்ள இருக்குதுங்களா?”

இருந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் நசுங்கிக் கிடந்ததை ஜமால் இழுத்தெடுத்தான். மூடி ஒருபக்கம் உள்வாங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமைச் சோறு. பிடிக்கும்போதே நாற்றம் கையில் ஏறியது.

“திறக்காதே அம்மிணி.”

“நான் கட்டிக் குடுத்ததுதானுங்க.” முந்தானையால் மூடியைத் துடைத்தாள். துடைத்த இடத்தில் சிவப்பாய் ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர். அதன்மேல் நீல மையில் 27 என்று எழுதியிருந்தது. “என் நம்பருங்க. பீஸுல குறை எங்க இருக்குதுன்னு அம்பு ஒட்டிக் காட்டுவோம். எவ கண்ணுல பட்டுச்சுன்னு தெரியறதுக்கு நம்பர். செக்கிங்லயே இருபத்தேழு கண்ணுக்குத் தப்பி ஒண்ணும் போவாதுன்னு சூப்பர்வைசரம்மா சொல்லுவாங்க. டிபன் மாறிப் போகுதுன்னு இதுலயும் ஒண்ணை ஒட்டி உட்டேன். ‘என்னையும் குறையுள்ள பீஸுன்னு தள்ளிட்டியாடி’ன்னு சிரிச்சாரு.”

அங்கேதான் குரல் உடைந்தது. உடைந்ததை உடனே விழுங்கிக்கொண்டாள்.

“குடிக்கலை. தூங்கற மனுசனும் இல்லை. அப்புறம் ஏனுங்க மோதினாரு?”

ஜமாலின் சட்டைப்பையில் மூன்று போல்ட்டுகள் கனத்தன. ஷெட் வேண்டுமானால் வாயை மூடிக்கொண்டு நாலாவதைக் கழற்ற வேண்டும். ஐந்து நிமிடம் போதும்.

“இங்கே வா,” என்றான்.

கதவைத் திறந்து, கணுக்கால் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே முடிந்துபோகிற கியர் ராடைக் காட்டினான். “இது முன்னே இவ்வளவு உயரம் இருந்துச்சு. சனிக்கிழமை வெட்டினாங்க. மேல எட்டு ரோல் பாரம். பள்ளத்துல இறங்கறப்ப கியரைக் குறைக்கணும், பிரேக் மட்டும் இந்தப் பாரத்தைப் பிடிக்காது. குறைக்கிறதுக்கு ரோலுக்கு அடியில கையை விட்டிருக்கான். பிரேக்கை மிதிச்சதும் ரோல் எல்லாம் முன்னால சரிஞ்சு கை மேல உக்காந்திருச்சு. நான் போறப்ப வண்டி டாப் கியர்லயே நின்னுச்சு. இடது கை…”

“சொல்லுங்க.”

“கியரைப் பிடிச்ச மேனிக்கே இருந்துச்சு. நான்தான் விரலைப் பிரிச்சு எடுத்தேன்.”

இன்னொன்றை அவன் சொல்லவில்லை. கம்பெனி ஆட்கள் அவனுக்கு முன்பே வந்திருந்தார்கள். அவன் பார்க்கப் பார்க்க முதலில் ரோல்களை இறக்கினார்கள். அப்புறம்தான் சுப்பையனை.

“யாருங்க வெட்டினது?”

“நான்தான் அம்மிணி.”

அவள் அவனை ஏறிட்டாள். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“நீங்க கைவேலைக்காரரு. வெட்டச் சொன்னா வெட்டுவீங்க. வெட்ட வச்சது யாரு?”

“துணியில கறை படுதுன்னு கம்பெனியில கத்தியிருக்காங்க. அதுக்காக சுப்பையனே வந்து…”

“கறை!” ஒரே சொல். “ஒரு கறைக்கு என் புருசன்.”

குனிந்தாள். ஷெட்டின் கருத்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளினாள். வயிறெரிந்து அள்ளிய மண்ணைத் தடுக்க எவனுக்கும் துணிவு வராது.

“அந்தக் கறையைக் காட்டிக் குடுத்த கண்ணு அவிஞ்சு போவோணும்! அவ ஊட்டுல வெளக்கு எரியக்கூடாது! நான் நிக்கிற மாதிரி அவளும் நடுத்தெருவுல நிக்கோணும்!” மண்ணைக் காற்றில் விசிறினாள். அது ஹெரால்டின் நொறுங்கிய மூக்கின்மேல் சரசரவென்று விழுந்தது.

ஜமால் சட்டைப்பைக்குள் கையை விட்டான். கழற்றிய மூன்று போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாக மறுபடி முடுக்கினான்.

இரண்டு மணிக்கு முன்னமே வெளியே கார் சத்தம். கிட்டுசாமி கதவைத் திறந்துவிட, வெள்ளைச் சட்டையில் ஒரு பருத்த மனிதர் இறங்கினார். பிரேக் இன்ஸ்பெக்டர் ராக்கையா. மதுரைப் பக்கத்துக்காரர்.

“என்னய்யா இது, காரா, கட்டைவண்டியா? சீட்டையெல்லாம் எங்கடா காணோம்?”

“பழைய வண்டிங்க. ரிப்பேருக்குக் கழட்டினதுங்க.” கிட்டுசாமி சொல்லிக்கொண்டே உள்ளே பார்த்தார். குட்டை ராடு அங்கேயே நின்றது. பக்கத்தில் பழனாயி நின்றாள். அவர் ஜமாலை முறைத்த முறைப்பில் ஷெட்டுக்கு அப்போதே பூட்டு விழுந்துவிட்டது.

ராக்கையா பிரேக்கை மிதித்துப் பார்த்தார், ஸ்டியரிங்கை ஆட்டினார். குனிந்து சீட்டடியில் கையை விட்டு, பாட்டிலை எடுத்தார்.

“பாத்தீங்களா!” என்றார் கிட்டுசாமி. “நான்தான் சொன்னேனுங்களே.”

ராக்கையா பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பினார். “முன்கண்ணாடி தூள். பக்கக் கண்ணாடி தூள். மீட்டர் கண்ணாடிகூடத் தூள். இது மட்டும் ஒரு கீறல் இல்லாம உக்காந்திருக்கு. அதிர்ஷ்டக்கார பாட்டில்தான் போ.” அதை பானட்டின் மேல் வைத்துவிட்டு, கியர் பக்கம் கையை நீட்டினார். கை வெறும் காற்றைப் பிடித்தது. “இது என்ன முளைக்குச்சி?”

“நான் வெட்டினதுங்க ஐயா.” ஜமால் முன்னால் வந்தான். சனிக்கிழமை நடந்ததைச் சொன்னான். ரோல் அடுக்குவதை, கறையை, டாப் கியரை, கையை. எதையும் மறைக்கவில்லை.

“எழுதினா உன் தலைக்கும் வரும், தெரியும்ல?”

“தெரியுமுங்க.”

“பொய்யிங்க!” கிட்டுசாமி குறுக்கே பாய்ந்தார். “இந்தக் காலத்துல ஸ்டைலுக்குன்னு ராடைக் குட்டையா வெட்டிக்கறாங்க, எல்லாரும் பண்றதுதான். டிரைவரும் பாயும் சேர்ந்துக்கிட்டு பண்ணின வேலைங்க. கம்பெனிக்கு ஒரு சம்பந்தமும் இல்லீங்க. எங்க துணி இந்த வண்டியில ஏறினதே இல்லை.”

ராக்கையா நெற்றியைச் சொறிந்தார். “அவர் சொல்றதும் எழுதலாம், நீ சொல்றதும் எழுதலாம். கம்பெனித் துணிக்காகத்தான் வெட்டினதுன்னு காட்ட ஏதாவது இருக்காய்யா? வெட்டின துண்டையாவது வச்சிருக்கியா?”

துண்டு. ஜமாலின் பார்வை பழனாயி கையிலிருந்த டிபன் பாக்ஸில் போய் நின்றது. சிவப்பு. சனிக்கிழமை ராடின் கழுத்தில் ஒட்டியிருந்ததும் சிவப்புதானே!

“இருக்குங்க!” கத்தியேவிட்டான். “அந்தத் துண்டுல கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருந்துச்சு. செக்கிங் ஸ்டிக்கர். இவர் கறை பட்ட பனியனை மூஞ்சியில வீசினாரே, அதுலேருந்து பிரிச்சு சுப்பையன் ராடுல ஒட்டிக்கிட்டு வந்திருக்கான். துணி ஏறலைன்னா கார் கியர்ல செக்கிங் ஸ்டிக்கர் எப்படிங்க வரும்?”



“எடுய்யா,” என்றார் ராக்கையா.

மூலையில் இருந்த இரும்புக் கழிவு டிரம்மைச் சாய்த்துக் கொட்டினான். அறுந்த செயின், தேய்ந்த பேரிங், சைலன்சர் ஓடு, ஆணி. பழனாயியும் பக்கத்தில் குந்தி இரண்டு கையாலும் துழாவினாள். தகரம் கீறியதை அவள் கவனிக்கவில்லை. மூன்று நாளில் முதல்முறையாக அவள் முகத்தில் ஏதோ உயிர் வந்திருந்தது.

“நம்பர் எழுதியிருக்குமுங்க ஐயா,” என்றாள் தலையைத் தூக்காமல். “எழுதாம எவளும் ஒட்டமாட்டா. நம்பரைச் சொன்னீங்கன்னா ஆளை நான் சொல்லிருவேன். அவ மூஞ்சியை ஒருதரம் நான் பாக்கோணும்.”

“பாத்து என்ன அம்மிணி பண்ணப்போறே,” என்றான் ஜமால், டிரம்முக்குள் கையை விட்டபடி.

“மண்ணுதான் வாரி விட்டாச்சே. பேரைச் சொல்லி விடலை. பேரைச் சொல்லோணுமுங்க.”

டிரம்மின் அடியில், கிரீஸ் பிசுக்கில், அவன் விரல்களுக்குள் அது வந்தது. ஐந்து அங்குலம். ஒரு முனையில் பழைய மரை, மறுமுனையில் ரம்பம் போன பளபளப்பு. வெளியே எடுத்தான். கட்டைவிரலால் பிசுக்கை வழித்தான்.

வழித்த கட்டைவிரல் அப்படியே நின்றது.

“கிடைச்சிருச்சா?” ராக்கையா கையை நீட்டினார்.

ஜமால் அசையவில்லை. நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினால் போதும். ஸ்டிக்கர் போய்விடும். ஸ்டிக்கர் போனால் துண்டு வெறும் இரும்பு. கிட்டுசாமி சொன்னது எழுதப்படும். சுப்பையன் குடித்துவிட்டு ஓட்டியவனாகவே ஊரின் வாயில் கிடப்பான். போன சனிக்கிழமை எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்த சுப்பையனின் சிரிப்பு கண்ணில் நின்றது. அவன் இந்த ஸ்டிக்கரை வீட்டில் காட்டவே இல்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாருக்கும் தெரியாமல் கறையை நிறுத்திவிடலாம் என்றுதான் வந்திருக்கிறான்.

“விரலை எடுய்யா.”

“நம்பர் என்னுங்கண்ணா?” பழனாயி எழுந்து நின்றாள். கையில் டிபன் பாக்ஸ். “சொல்லுங்கண்ணா. எவ அவ?”

ஜமால் அவளைப் பார்க்காமல் விரலை எடுத்தான்.

வெட்டு விளிம்பைக் காட்டிக்கொண்டு ஒரு சிவப்பு அம்பு. அதன் நடுவே, நீல மையில், இருபத்தேழு.